எழுத்தெல்லாம் தெரிகிறது, வார்த்தை வரவில்லை: இதில் காதுக்கு என்ன பங்கு?

கேள்வி கேட்டவர் ஓர் அம்மா. பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் சொல்லிவிடுகிறான், சேர்த்து வார்த்தையாக வைத்தால் திணறுகிறான், டிக்டேஷன் கொடுத்தால் பாதி எழுத்து காணாமல் போகிறது. ஆங்கிலத்திலும் இதே தகராறு. கண்ணில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் டாக்டர் காது டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். "கூப்பிட்டால் திரும்புகிறான், டிவி கேட்கிறான், காதுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறார்.

குழந்தைகளின் செவித்திறனையும் பேச்சையும் சோதிக்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். டாக்டர் சொன்னபடி டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். ஆனால் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தாலும் காது விஷயம் அத்தோடு தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், ஏனென்றால் சத்தம் காதில் விழுவதும், விழுந்த சொல்லுக்குள் என்னென்ன ஒலி எந்த வரிசையில் இருக்கிறது என்று பிரித்துக் கேட்பதும் ஒரே திறமை அல்ல, வாசிப்புக்கு இரண்டாவதும் வேண்டும்.

முதலில் பையனின் தமிழ் நோட்டை எடுத்துப் பாருங்கள். என்னிடம் வருகிற பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான், ரிப்போர்ட்டெல்லாம் அப்புறம். மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தியின் நோட்டில் 'வாழைப்பழம்' என்பது 'வாழைபழ' என்று இருந்தது. டீச்சர் சிவப்பு மையில் அடித்து, பத்து தடவை எழுதச் சொல்லி, அவளும் பத்து வரி ஒழுங்காக எழுதியிருந்தாள். அடுத்த வாரம் 'தக்காளி' வந்தபோது 'தகாளி'. நான் அவளிடம் 'வாழைப்பழம்' என்று கைதட்டிக்கொண்டே சொல்லச் சொன்னேன். வா, ழைப், ப, ழம். நாலு தட்டு. அவள் எழுதியிருந்த எழுத்தும் நாலுதான்! தட்டுக்கு ஓர் எழுத்து என்று அந்தக் குழந்தை சரியாகக் கணக்கு வைத்து எழுதியிருக்கிறாள். 'ழைப்' என்ற துண்டின் ஓரத்தில் ஒரு 'ப்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, 'ழம்' என்பதில் ஒரு 'ம்' இருக்கிறது என்பது மட்டும் அவளுக்கு இன்னும் பிரிந்து கேட்கவில்லை. இதைப் பத்து தடவை எழுதி எப்படிச் சரி செய்ய முடியும்? கை பழகும், காது அங்கேயேதான் நிற்கும். குழந்தையைக் கவனமில்லாதவள் என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தத் திறமைக்கு ஒலி உணர்வு என்று பெயர். இது எல்லாக் குழந்தைக்கும் படிப்படியாகத்தான் வருகிறது. அமெரிக்காவில் இசபெல் லிபர்மனும் அவருடைய குழுவும் 1974ல் வெளியிட்ட ஆய்வில், சொல்லைக் கேட்டு அதில் எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனை தடவை தட்டிக் காட்டும்படி குழந்தைகளிடம் சொன்னார்கள். நாலு வயதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அசை அசையாக, அதாவது மேலே அந்தப் பாப்பா தட்டியதுபோல, தட்டினார்கள், தனித்தனி ஒலியாகத் தட்ட ஒருவராலும் முடியவில்லை. ஒன்றாம் வகுப்பு முடியும் தறுவாயில் அசையை 90 சதவீதம் பேரும் தனி ஒலியை 70 சதவீதம் பேரும் பிரித்தார்கள். வயது ஏறியதால் மட்டும் வந்த திறமை இல்லை இது. போர்ச்சுகலில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளாத பெரியவர்களிடம் சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டு மீதியைச் சொல்லச் சொன்னபோது பெரும்பாலானவர்கள் திணறினார்கள், வளர்ந்த பிறகு படிக்கக் கற்றவர்கள் அதைச் செய்தார்கள் என்று 1979ல் ஜோஸே மொராய்ஸ் குழு எழுதியது. ஆக ஒலி உணர்வு இருந்தால் படிப்பு வரும், படிக்கப் படிக்க ஒலி உணர்வும் கூர்மையாகும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். இந்த வண்டி ஆரம்பத்திலேயே சேற்றில் மாட்டிக்கொள்கிற குழந்தைகளைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த ஆய்வுகள் எல்லாம் ஏ, பி, சி எழுத்துக்காரர்களைப் பற்றியவை. தமிழுக்கு அப்படியே எடுத்து ஒட்ட முடியாது, ஒட்டியும் இருக்கிறார்கள், அதனால்தான் இங்கே பல டெஸ்ட்டுகள் குழந்தைகளுக்குப் பொருந்துவதில்லை. 'சி, ஏ, டி' என்று எழுத்தின் பெயரை எத்தனை வேகமாகச் சொன்னாலும் பூனையைக் குறிக்கும் 'கேட்' வராது. தமிழில் 'க, ட, ல்' என்று வேகமாகச் சொன்னால் 'கடல்' வந்துவிடும், நம் எழுத்து பெரும்பாலும் அசைக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதனால் ஆரம்பம் சுலபம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், 247 எழுத்தையும் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்ய முடியாது, 'கா'வுக்குள் ஒரு 'க்'கும் ஒரு 'ஆ'வும் இருக்கிறது, அதே 'ஆ'தான் 'மா'விலும் இருக்கிறது என்று ஒரு கட்டத்தில் குழந்தைக்குப் பிடிபட வேண்டும். 'க் கூட்டல் அ, க' என்று ராகம் போட்டுப் பாடுகிற குழந்தைகளில் பலருக்கு அது வெறும் பாட்டுதான். கன்னட எழுத்தும் இந்த அமைப்புதான். கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் 2007ல் வெளியிட்ட ஆய்வில் அசை உணர்வு சீக்கிரம் வருவதையும், தனி ஒலி உணர்வு வெகு மெதுவாக வருவதையும், எழுத்து முழுவதும் பிடிபட நாலாம் வகுப்பு வரைகூட ஆவதையும் காட்டியிருக்கிறார். அதனால் இரண்டாம் வகுப்பில் 'கொ', 'கோ', 'கௌ' தடுமாறுகிறது என்று மட்டும் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். கொம்பு வேறு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது, பாவம் அந்தக் கண் முதலில் எதைப் பிடிக்கும்?

இன்னொரு விஷயம், நாம் பேசும் தமிழ். கண்ணாடி முன்னால் நின்று, வீட்டில் பேசுவதுபோலச் சாதாரணமாக "அங்க ஒரு மரம்" என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடாது. 'ம்' தனியாக வராமல் மூக்கு வழியாகக் கரைந்து போய்விடும். 'நான்' என்பதும் அப்படியே. குழந்தை பிறந்ததிலிருந்து கேட்டது அந்தக் கரைந்த ஒலியைத்தான், அது 'மர' என்றும் 'நா' என்றும் எழுதினால் உண்மையில் கேட்டதை எழுதியிருக்கிறது. 'வந்துட்டான்' என்று கேட்டே வளர்ந்த பிள்ளை புத்தகத்தில் 'வந்துவிட்டான்' என்று பார்க்கிறது, 'வீட்டுல' என்று கேட்டது அங்கே 'வீட்டில்' என்று நிற்கிறது. எழுத்துத் தமிழ் காதில் விழாத குழந்தைக்கு அதைப் படிப்பது பாதி வேற்று மொழியைப் படிப்பதுபோல. தினம் பத்து நிமிடம் நீங்கள் கதைப் புத்தகத்தை அதிலுள்ளபடியே வாய்விட்டுப் படித்துக் காட்டினால் இந்தப் பள்ளம் மெல்ல மெல்ல நிரம்பும். கதையைப் பேச்சு வழக்கில் மாற்றிச் சொல்லாமல், அச்சில் இருப்பதை அப்படியே படியுங்கள்.

சரி, எந்தத் தப்பைக் கண்டு கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 'பழம்' என்பதை 'பளம்' என்று எழுதுகிறானா? வீட்டில் எல்லோரும் 'பளம்' என்றுதான் சொல்கிறீர்கள் என்றால் அவன் காதில் ஒரு குறையும் இல்லை. 'ந'வும் 'ன'வும் நம் வாயில் ஒரே ஒலிதான், 'ர', 'ற' வித்தியாசம் பெரும்பாலான ஊர்களில் போயே போய்விட்டது. இவை கண்ணால் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டியவை, காலப்போக்கில் வரும். நான் கூர்ந்து பார்ப்பது வேறு மூன்று: சொல்லின் நடுவில் மெய்யெழுத்து விட்டுப் போவது, 'பட்டம்' 'படம்' ஆவது, 'பாடம்' 'படம்' ஆவது. இந்த மூன்றிலும் வித்தியாசம் எல்லோர் வாயிலும் தெளிவாக இருக்கிறது. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளந்து வைத்திருக்கிறார்கள் அல்லவா, அந்த அளவைக் காது பிடிக்கவில்லை என்றால்தான் இந்தத் தப்புகள் ஏழு எட்டு வயதிலும் அடுக்கடுக்காக வரும்.

இப்போது காது டெஸ்ட்டுக்கு வருகிறேன். கூப்பிட்டால் திரும்புவது பெரிய சாட்சி இல்லை. பேச்சில் உயிரொலிகள் பலமானவை, மெய்யொலிகள், முக்கியமாக ச, ப, த போன்றவை, மெலிதானவை. லேசான கேட்புக் குறை இருக்கும் குழந்தைக்கு உங்கள் குரல் கேட்கும், பெயர் கேட்கும், வாக்கியத்தின் பொருளும் ஊகத்தில் புரிந்துவிடும், ஆனால் சொல்லின் ஓரங்கள் தேய்ந்துதான் போய்ச் சேரும். அந்த வயதில் இப்படி ஆவதற்கு மிகச் சாதாரணக் காரணம் நடுக்காதில் நீர் கோப்பது. சளி பிடித்த பின், செவிப்பறைக்குப் பின்னால் பசைபோல நீர் தங்கிவிடும். வலி இருக்காது, சீழ் வடியாது, அதனால் யாருக்கும் தெரியாது. கேட்கும் அளவு 25, 30 டெசிபல் வரை குறையலாம், அதாவது பக்கத்தில் குசுகுசுவென்று பேசினால் கேட்காத அளவு. இந்த வாரம் இருக்கும், அடுத்த மாதம் சரியாகிவிடும், அடுத்த சளிக்கு மறுபடி வரும். ஒரு நாள் நன்றாகப் பதில் சொல்லி மறுநாள் "ஆங்?" என்கிற குழந்தையை நாம் திமிர் என்கிறோம்.

வகுப்பறையையும் நினைத்துப் பாருங்கள். பேசுகிறவரிடமிருந்து தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். மேலே கடகடவென்று மின்விசிறி, தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு வாய்ப்பாடு சொல்கிறது. பின்னாலுள்ள சத்தத்தைவிட டீச்சரின் குரல் 15 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் சின்னக் குழந்தைகளுக்கு ஒலி தெளிவாகப் போய்ச் சேரும் என்பது எங்கள் துறையில் வைத்திருக்கும் கணக்கு. காது நன்றாக இருக்கும் குழந்தைக்கே கடைசி பெஞ்சில் இது கிடைப்பது கஷ்டம்.

டெஸ்ட்டுக்குப் போகும்போது இரண்டையும் கேட்டு வாங்குங்கள்: ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லும் ஆடியோமெட்ரி, அப்புறம் நடுக்காதின் அழுத்தத்தைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி. இரண்டாவது சில விநாடி வேலைதான், வலிக்காது, காது வாயிலில் ஒரு ரப்பர் முனையை வைப்பார்கள், திரையில் மலைபோல ஒரு கோடு வர வேண்டும். கோடு தட்டையாக வந்தால் உள்ளே நீர் இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதையெல்லாம் கேளுங்கள். நீர் இருந்தாலும் பெரும்பாலும் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள், அதற்குள் பலருக்குத் தானாக வற்றிவிடும், வற்றாமல் கேட்புக் குறையும் நீடித்தால்தான் சின்ன அறுவை பற்றிப் பேச்சு வரும். அதுவரை முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது, பட்ஸ் விட்டுக் குடைவது எதுவும் வேண்டாம். பாட்டி சொன்னாலும் வேண்டாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். காதில் நீர் கோத்த குழந்தைகளில் பெரும்பாலானோர் நன்றாகவே படிக்கிறார்கள், அது மட்டுமே வாசிப்புக் குறைக்குக் காரணம் ஆவது அபூர்வம். திருப்பிப் பார்த்தாலும், வாசிக்கத் திணறும் குழந்தைகளில் பெரும்பாலானோரின் ஆடியோமெட்ரி ரிப்போர்ட் கச்சிதமாக இருக்கும். பின்னே ஏன் டெஸ்ட் என்றால், ஏற்கனவே ஒலியைப் பிரிக்கச் சிரமப்படும் குழந்தைக்கு மங்கலான ஒலியும் சேர்ந்தால் சுமை இரண்டாகிறது, அதில் ஒன்றை நாம் எளிதாக இறக்கி வைத்துவிடலாம் என்பதால்தான்.

ரிப்போர்ட் நார்மல் என்றே வைத்துக்கொள்வோம், வீட்டில் என்ன செய்வது? விளையாட்டுதான். சமைக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, ஐந்து பத்து நிமிடம் போதும். முதலில் கைதட்டல், மேலே சொன்னதுபோல. அது வந்ததும் 'பட்டு, தட்டு, கொட்டு, பந்து, இதில் சேராதது எது?' என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் சொல்லின் வால் ஒத்துப்போவதை வைத்து இதைச் செய்வார்கள், நமக்கு மோனையும் எதுகையும் இருக்கும்போது முதலெழுத்தையும் இரண்டாம் எழுத்தையும் வைத்து விளையாடுவதுதான் பொருத்தம் என்பது என் அனுபவம். பாட்டுக்குப் பாட்டு விளையாடுகிற வீட்டில் கடைசி எழுத்தைப் பிடிக்கிற பயிற்சி தானாக நடக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கு முன்னாலும் 'க' சேர்த்துப் பேசுகிற ரகசியப் பாஷை உங்களுக்கு நினைவிருக்கிறதா? அதை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். சொல்லை உடைக்காமல் அந்தப் பாஷை பேசவே முடியாது, ரகசியம் என்பதால் ஆசையாகவும் கற்றுக்கொள்வான்.

அப்புறம் எடுப்பது, மாற்றுவது. 'மாதுளை'யில் 'மா'வை எடுத்தால்? துளை. 'பலகை'யில் 'பல' போனால்? கை. நான் அதிகம் பயன்படுத்துவது 'கரும்பு'. 'க'வை எடுத்துவிட்டு 'இ' போடு என்றால் இரும்பு, 'து' போட்டால் துரும்பு, 'அ' போட்டால் அரும்பு, விரும்பு, திரும்பு என்று போய்க்கொண்டே இருக்கும். சில பிள்ளைகள் தானாக 'எறும்பு' என்று கத்துவார்கள், அப்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும், காது சரியாக வேலை செய்திருக்கிறது, அந்த 'று' வேறு என்பதை எழுதிக் காட்டினால் போதும். இது பழகிய பிறகு நெடில்: எடு, ஏடு, விடு, வீடு, கொடு, கோடு, மலை, மாலை. நெடில் வரும்போது கையை அகலமாக இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். மெய்யெழுத்துக்கு நான் புளியங்கொட்டை வைப்பேன். உயிர், உயிர்மெய்க்குப் பெரிய பொத்தான், மெய்க்குப் புளியங்கொட்டை. 'பட்டம்' என்று இழுத்துச் சொல்லி அவனே அடுக்க வேண்டும்: பொத்தான், கொட்டை, பொத்தான், கொட்டை. 'படம்' என்றால் முதல் கொட்டை போய் ஒரு பொத்தான் அதன் இடத்துக்கு நகரும். நான் மேலே சொன்ன பாப்பா 'வாழைப்பழம்' அடுக்கும்போது ஆறாவதாக ஒரு கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ், கடைசியில ஒரு ம் இருக்கு" என்றாள். அன்றைக்கு அவள் எழுதியதில் புள்ளி எல்லாம் இருந்தது.

கொட்டை அடுக்கி முடித்ததும் உடனே எழுத்தாகவும் எழுத வேண்டும், இது முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் 1983ல் வெளியிட்ட ஆய்வில், 4, 5 வயதுக் குழந்தைகள் 400 பேருக்கு மேல் பார்த்து, ஒலியை வகைப்படுத்தும் திறமை பின்னால் வரும் வாசிப்போடு ஒட்டிப் போவதைக் காட்டினார்கள். அதைவிட எனக்குப் பயன்பட்டது அதன் இரண்டாம் பகுதி: ஒலிப் பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்த குழந்தைகள்தான் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ல் அறிக்கை தந்தபோதும் எழுத்தோடு சேர்ந்த பயிற்சிதான் கூடுதல் பலன் தருகிறது, அதுவும் மொத்தம் 5 முதல் 18 மணி நேரப் பயிற்சியில்தான் பலன் அதிகம் தெரிந்தது என்றது. தினம் பத்து நிமிடம் என்று வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் அந்த மணிக்கணக்கு வந்துவிடும். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, வெறும் பீப் சத்தங்களைக் கேட்க வைக்கிற கணினிப் பயிற்சிக்கு யாராவது அழைத்தால் போக வேண்டாம், அப்படிப் பயிற்சி கொடுத்து வாசிப்பு வளர்ந்ததற்கு நல்ல சான்று இல்லை.

ஆங்கிலமும் தகராறு என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் சரளமாக வந்து ஆங்கிலம் மட்டும் வரவில்லை என்றால் சொல்லிக் கொடுக்கும் முறையைச் சந்தேகப்படுவேன், 26 எழுத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்து, அவை எழுப்பும் நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சொல்லிக் கொடுக்காத பள்ளிகள் நிறைய. இரண்டு மொழியிலும் ஒரே மாதிரித் தடுமாற்றம் என்பதால்தான் உங்கள் பையன் விஷயத்தில் ஒலி உணர்வைப் பார்க்கச் சொல்கிறேன். தமிழில் பொத்தானும் கொட்டையும் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் அது கைகொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கே ஒரு தாளில் பத்து வார்த்தை சொல்லி எழுத வையுங்கள்: பட்டம், பாடம், தக்காளி, மரம், கண்ணாடி, இப்படி மெய்யும் நெடிலும் கலந்து, ஒவ்வொன்றையும் தெளிவாக, கடைசி ஒலி வரை உச்சரித்து. திருத்த வேண்டாம், தேதி போட்டு எடுத்து வையுங்கள். பத்து வாரம் கழித்து அதே பத்தையும் சொல்லுங்கள், முன்னால் விட்டுப்போன புள்ளிகளில் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் வந்திருந்தால் அப்படியே தொடருங்கள். ஒன்றும் நகரவில்லை என்றால், அல்லது உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது சின்ன வயதில் இதே கஷ்டம் இருந்திருந்தால், அந்த இரண்டு தாளையும் காது ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கற்றல் குறைபாட்டை மதிப்பிடத் தெரிந்த சிறப்பாசிரியரையோ உளவியலாளரையோ பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது, தேர்வில் கூடுதல் நேரம் போன்றவை கேட்டுப் பெற வழி இருக்கிறது. அதற்கு முன் டிம்பனோமெட்ரி தேதியை வாங்கிவிடுங்கள், அவனுக்கு இப்போது சளி இருக்கிறதா இல்லையா என்பதையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.